நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை இணையவழியில் வெளிநாடுகளுக்கு விற்பது: வரி, ஆவணம், அனுப்புமுறை பற்றிய ஐயங்கள்

அரசலாறு எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நாச்சியார்கோயிலில் எங்கள் குடும்பத்தினர் தலைமுறைகளாகப் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை நடத்தி வருகிறார்கள். கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதோடு, எனது பொறுப்பில் இயங்கும் இணையதளத்தின் வழியாக உள்நாட்டில் நேரடியாகவும் விற்கிறோம். அண்மைக் காலமாக அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழும் தமிழர்களிடமிருந்து கேட்பு வந்துகொண்டே இருக்கிறது. விளக்கோடு சேர்த்துச் சுவாமிமலைச் சிற்பிகள் வார்த்த சிறு லட்சுமி விக்கிரகங்களையும், கும்பகோணத்துப் பித்தளை டபரா தம்ளர்களையும் கேட்கிறார்கள்.

சோதனையாக அனுப்பிய சில பொட்டலங்களில் ஜெர்மனிக்குப் போன ஒன்று திரும்பி வந்துவிட்டது. வீட்டு வாசலில் வரியும் கையாளும் கட்டணமும் கேட்டதால் வாங்கியவர் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். இனிமேல் எல்லாவற்றையும் 'அன்பளிப்பு' என்று குறிப்பிட்டு, விலையைக் குறைத்துப் போட்டால் தொல்லை இராது என்று எங்கள் ஊர்க் கூரியர் முகவர் ஒருவர் யோசனை சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஏற்றுமதிக்கு நான் எந்தெந்தப் பதிவுகளைச் செய்ய வேண்டும், அந்தந்த நாட்டு வரியை யார் எப்போது செலுத்த வேண்டும், விக்கிரகங்களுக்குத் தனியே சான்று வேண்டுமா, திரும்பி வரும் பொருளுக்கு நாம் சுங்கவரி கட்ட வேண்டியிருக்குமா என்பனவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

பாரிமுனை எழுதியது:

வணக்கம் அம்மா. சென்னையில் சுங்கத் தரகு அலுவலகம் ஒன்றில் பல்லாண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த அன்பளிப்பு யோசனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம். வாடிக்கையாளர் செலுத்திய தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு அந்நியச் செலாவணியாக வருகிறது. அதற்கு ஈடாகச் சுங்கத்தில் பதிவான ஏற்றுமதி ஆவணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அன்பளிப்பு என்று அனுப்பிய பொட்டலத்துக்கு அத்தகைய ஆவணம் பிறப்பதில்லை. ஆகவே வங்கியில் பணம் இருக்கும், பொருள் போனதற்குச் சான்று இராது. ஜி.எஸ்.டி. அதிகாரி கேட்டால் அது ஏற்றுமதி என்று உங்களால் நிறுவ முடியாது. வழியில் விளக்கு உடைந்தாலோ தொலைந்தாலோ, காட்டிய விலைக்கு மேல் ஒரு ரூபாயும் இழப்பீடாகக் கிடைக்காது. போய்ச் சேரும் நாட்டிலும் இது செல்லுபடியாகாது, ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அன்பளிப்புச் சலுகை தனிமனிதர் தனிமனிதருக்கு அனுப்பும் 45 யூரோ வரையிலான பொருளுக்கு மட்டுமே உண்டு. சுங்க அதிகாரி உங்கள் இணையதளத்தைத் திறந்து விலையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கூரியர் வழியாக அனுப்பும்போது சி.எஸ்.பி. 4, சி.எஸ்.பி. 5 என்று இரண்டு வகைச் சுங்கப் பத்திரங்கள் உண்டு. முதலாவது மாதிரிகள், அன்பளிப்புகள் போன்றவற்றுக்கானது. விற்பனைப் பொருளுக்கு உரியது இரண்டாவதுதான். கட்டணம் குறைவு, கேள்வி குறைவு என்பதால் முகவர்கள் பலர் எல்லாவற்றையும் முதல் வகையில் தள்ளிவிடுகிறார்கள். எனவே ரசீதை வாங்கியவுடன் எந்தப் பத்திரத்தில் போயிருக்கிறது என்று பாருங்கள். சி.எஸ்.பி. 5 வழியில் ஒரு பொட்டலத்தின் மதிப்புக்கு இருந்த 5 லட்சம் ரூபாய் வரம்பை 2023ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 10 லட்சமாக உயர்த்தியது. குத்துவிளக்கு விற்பவருக்கு அதுவே தாராளமான எல்லை; அந்த 10 லட்சம் வரம்பையும் முழுதாக நீக்குவதாக 2026ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அஞ்சல் துறையின் வழியாகவும் அனுப்பலாம். டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற பெயரில் இயங்கும் அஞ்சலக ஏற்றுமதி மையங்களின் தளத்தில், அஞ்சல் ஏற்றுமதிப் பத்திரத்தை நீங்களே வீட்டிலிருந்து பதிவுசெய்ய இயலும்.

இதற்கு முன்தேவைகள் அதிகமில்லை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்திடம் ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதியாளர் எண் பெற வேண்டும். இப்போது அது உங்கள் பான் எண்ணேதான், கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் அந்த விவரங்களைத் தளத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், மறந்தால் எண் முடக்கப்படும். வங்கியிடம், ஏற்றுமதிப் பணம் வரும் கிளையைச் சுங்கத்துக்கு அடையாளம் காட்டும் ஏ.டி. கோடு கடிதம் பெற்றுச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. எனப்படும் உறுதிமொழிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் பதிவுசெய்தால், வரி செலுத்தாமலே ஏற்றுமதி செய்யலாம். அப்போது விலைப்பட்டியல் இட்ட மூன்று மாதத்துக்குள் பொருள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஆர்டர் பெற்று வார்த்துக் கொடுக்கும் பட்டறைகள் விலைப்பட்டியலை முன்கூட்டியே இட்டுவிடக்கூடாது.

பணம் வந்து சேர இருந்த 9 மாதக் கெடுவை ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் 15 மாதமாக்கியது. அதே ஆண்டு அக்டோபர் முதல், 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஏற்றுமதிப் பதிவுகளை, பணம் வந்துவிட்டது என்ற உங்கள் உறுதிமொழியின் பேரிலேயே வங்கி முடித்துவைக்கலாம். சிறு வணிகர்களுக்கு இது உண்மையான நிம்மதி. ஆயினும் விலைப்பட்டியல், சுங்கப் பத்திரம், பணம் பெறும் தளத்தின் அறிக்கை, வங்கி வரவு ஆகிய நான்கிலும் ஒரே ஆர்டர் எண்ணையும் ஒரே தொகையையும் காட்டும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். தள்ளுபடி கொடுத்தால் அதையும் விலைப்பட்டியலிலேயே காட்டுங்கள்.

ரைன்நதி எழுதியது:

ஜெர்மனியில் இணைய வணிகர்களுக்கு வரிக் கணக்கு பார்க்கும் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். உங்கள் பொட்டலம் திரும்பியதற்கான காரணம் இங்கே நாள்தோறும் காண்பதுதான். 22 யூரோவுக்குக் குறைந்த பொருட்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1ஆம் நாளோடு நீங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு யூரோப் பொருளுக்கும் வரி உண்டு. ஜெர்மனியில் அது 19 சதவீதம். வரி முன்னரே செலுத்தப்படாவிட்டால் கூரியர் நிறுவனம் அதைக் கட்டிவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து வாசலில் கேட்கிறது. சிறிய பொருளுக்கு அந்தக் கட்டணம் வரியை விடவும் கூடுதலாகிவிடும். வாங்கியவர் மறுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். பணம் செலுத்தும் பக்கத்தில் இப்படியொரு தொகை வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதைத் தவிர்க்க ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற முறை இருக்கிறது. 150 யூரோவுக்கு மிகாத பொட்டலங்களுக்கு, வாங்குபவர் பணம் செலுத்தும்போதே அவர் நாட்டு விகிதத்தில் வரியை நீங்கள் பெற்று, மாதம் ஒருமுறை ஒரே அறிக்கையில் 27 நாடுகளுக்கும் சேர்த்துச் செலுத்திவிடலாம். பொட்டலம் வரித் தடையின்றி வீடு சேரும். இந்தியாவில் இருப்பவர் இதில் தாமாகச் சேர முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைபெற்ற இடைநிலையாளர் ஒருவரை அமர்த்த வேண்டும், அவருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆர்டர்கள் குறைவாக உள்ளவரை, பெரிய சந்தைத் தளம் ஒன்றின் வழியாக விற்பது இலாபம் என்பது என் கணிப்பு. அங்கே 150 யூரோ வரை வரியைப் பெற்றுச் செலுத்தும் கடமை சட்டப்படி அந்தத் தளத்தையே சாரும். அதன் ஐ.ஓ.எஸ்.எஸ். எண்ணைக் கூரியரின் மின்னணுத் தரவில் சரியாக இட்டால்தான் பயன் உண்டு. எண்ணைப் பெட்டியின் மேல் எழுதி, தரவில் விட்டுவிட்டால் சுங்கத்தார் இரண்டாம் முறையும் வரி கேட்பார்கள்.

150 யூரோவுக்கு உட்பட்ட பொருளுக்குச் சுங்கவரி இராது என்ற நிலையும் மாறுகிறது. 2026 ஜூலை 1 முதல் அத்தகைய பொட்டலங்களில் உள்ள ஒவ்வொரு பொருள் வகைக்கும் 3 யூரோ நிலையான சுங்கவரி விதிக்க ஒன்றிய நாடுகள் 2025 டிசம்பரில் உடன்பட்டன. விலையை நிர்ணயிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரியை விட எனக்குக் கவலை தருவது பொருள் பாதுகாப்பு விதி. 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, நுகர்வோருக்கு விற்கப்படும் பொருளுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயரும் அஞ்சல் முகவரியும் மின்னஞ்சலும் பொருளிலோ, பொதியிலோ, உடன் வரும் தாளிலோ அச்சாகியிருக்க வேண்டும். இணையப் பக்கத்திலும் தயாரிப்பாளர் விவரத்தோடு இதைக் காட்ட வேண்டும். எரியும் திரி உள்ள விளக்கு என்பதால், திரைச்சீலைக்கு அருகில் வைக்கலாகாது, எரியும்போது தனியே விட்டுச் செல்லலாகாது போன்ற எச்சரிக்கைகளை ஜெர்மன் மொழியில் தருவது கட்டாயம் என்றே கருதுங்கள். இதற்கு மேல், ஜெர்மனிக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிக்காக லூசிட் என்ற பொதிப் பதிவேட்டில் முதல் பொட்டலத்துக்கு முன்பே பதிந்து, மறுசுழற்சி அமைப்பு ஒன்றில் கட்டணம் செலுத்த வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பெட்டிதானே என்ற விலக்கு இதில் இல்லை.

பிரிட்டன் இப்போது தனி வழியில் இருக்கிறது. 2021 தொடக்கத்திலிருந்து 135 பவுண்டுக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு விற்பவரே 20 சதவீத வரியைப் பெற்றுச் செலுத்த வேண்டும். உள்நாட்டு வணிகர்களுக்கு உள்ள விற்றுமுதல் வரம்பு வெளிநாட்டவருக்குப் பொருந்தாததால், சொந்தத் தளத்தில் விற்கும் முதல் விளக்குக்கே அங்கே பதிவு தேவைப்படும். சந்தைத் தளத்தில் விற்றால் அந்தச் சுமை தளத்துக்குப் போகும். 135 பவுண்டுக்கு மேற்பட்ட பெரிய விளக்குகளுக்கு எல்லையில்தான் வரி.

பாலாற்றங்கரை எழுதியது:

காஞ்சிபுரத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பட்டுப் புடவை அனுப்புகிறோம். அந்த நாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

800 டாலர் வரையிலான பொட்டலம் வரியின்றிப் போகும் என்ற கணக்கில் 2016 முதல் எல்லாரும் தொழில் செய்து வந்தோம். அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதையொட்டி அமெரிக்காவுக்கான பெரும்பாலான அஞ்சல் பொட்டலங்களை ஏற்பதை நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி, அக்டோபர் 15 அன்று, அனுப்புபவரிடமே வரியை முன்கூட்டிப் பெறும் ஏற்பாட்டோடு மீண்டும் தொடங்கியது. இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரி அந்த ஆகஸ்டு மாதத்தில் 50 சதவீதம் வரை ஏறியது, அதன் பின்னும் மாறியிருக்கிறது. எனவே நீங்கள் எங்கோ படித்த விகிதத்தை நம்பி விலை போடாதீர்கள். பொட்டலம் கிளம்பும் வாரத்தில் கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் மதிப்பீடு பெறுங்கள். செம்பு, எஃகு, அலுமினியம் ஆகியவற்றின் மீது தனியே உலோக வரிகளும் இருப்பதால், உங்கள் பித்தளைப் பொருள் அவற்றின் பட்டியலில் வருகிறதா என்றும் சேர்த்தே கேளுங்கள்.

அதற்குப் பொருளின் சுங்க வகைப்பாட்டு எண் சரியாக இருக்க வேண்டும். மின்சாரமற்ற விளக்கு 9405ஆம் தலைப்பிலும், விக்கிரகம் 8306இலும், பித்தளைப் பாத்திரம் 7418இலும் வருகின்றன. முதல் ஆறு இலக்கம் உலகெங்கும் ஒன்றே. இந்தியாவில் எட்டு இலக்கம், அமெரிக்காவில் பத்து. அமெரிக்க அட்டவணையில் மின்சாரமற்ற பித்தளை விளக்குக்கென்றே ஓர் உட்பிரிவு இருக்கிறது. 'கைவினைப் பொருள்' என்று மட்டும் எழுதினால் அவர்கள் தாமாக ஓர் எண்ணைக் கற்பித்துக்கொள்வார்கள், அது பெரும்பாலும் நமக்கு அனுகூலமாக அமைவதில்லை. இந்தியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பு ஒவ்வொரு விளக்கிலும் ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அடிப்பாகத்தின் கீழே பொறித்துவிடுவது நல்லது.

வரி உட்பட்ட விலையில், அதாவது டி.டி.பி. முறையில், அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். வாடிக்கையாளர் ஒரு தொகையைத்தான் பார்க்கிறார், வாசலில் யாரும் கை நீட்டுவதில்லை. விலை கூடுதலாகத் தெரிவதால் சில ஆர்டர்கள் போகலாம். திரும்பி வரும் பொட்டலத்தின் இருவழிச் செலவோடு ஒப்பிட்டால் அந்த நட்டம் சிறிது.

டபரா தம்ளரை அமெரிக்கப் பட்டியலிலிருந்து இப்போதைக்கு எடுத்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பித்தளை, அலுமினியம், இந்தாலியம் என்ற அலுமினியக் கலவை ஆகியவற்றாலான இறக்குமதிச் சமையல் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் உணவில் கலக்கிறது என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய பித்தளையை உருக்கி வார்க்கும்போது உள்ளே என்ன ஈயம் வருகிறது என்பது பட்டறைக்கே தெரியாது. அந்தத் தம்ளரில் ஒரு குழந்தை பால் குடிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயச் சோதனை செய்து சான்று கையில் வந்த பிறகு விற்கலாம்.

இன்னொன்று. விளக்கோடு கற்பூரப் பொட்டலமோ விளக்கெண்ணெய்ப் புட்டியோ இலவசமாக வைக்கும் பழக்கம் இருந்தால் வெளிநாட்டுப் பெட்டிகளில் அதை விட்டுவிடுங்கள். கற்பூரம் வான்வழிப் போக்குவரத்தில் தீப்பற்றும் திடப்பொருள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆபத்துச் சரக்கு. கண்டுபிடிக்கப்பட்டால் விளக்கும் போகாது.

சுவாமிமலை வாசகன் எழுதியது:

விக்கிரகங்களைப் பற்றி மட்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பங்களைத் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது. நேற்று வார்த்த சிலையும் மரபு இலக்கணப்படி செய்யப்பட்டிருப்பதால் பழையதைப் போலவே தோன்றும், அதுதான் நம் ஸ்தபதிகளின் திறமை. ஆகவே, இது தொல்பொருள் அன்று என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற்றுப் பொட்டலத்தோடு இணைப்பதே பாதுகாப்பு. சிலையையும் அதன் புகைப்படங்களையும் அதிகாரிகளிடம் நேரில் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் அலையாமல், இருப்பில் உள்ள பல சிலைகளுக்கு ஒரே முறையில் விண்ணப்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழமைத் தோற்றத்துக்காகப் பச்சைக் களிம்பு ஏற்றிய சிலைகளை வெளிநாட்டுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இணையதள விவரணையில் 'பழமையான', 'புராதன' என்ற சொற்களும் வேண்டாம். ஸ்தபதியிடமிருந்து வார்த்த தேதியோடு கூடிய ரசீதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அரசலாறு எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐ.இ.சி., ஏ.டி. கோடு, எல்.யு.டி. மூன்றையும் முடித்த பிறகே அடுத்த பொட்டலத்தை அனுப்புவதென்று முடிவுசெய்துவிட்டோம். டபரா தம்ளரைத் தளத்தின் வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். ஐரோப்பாவுக்குப் பொறுப்பேற்பவரும் பொதிப் பதிவும் அமையும் வரை நேரடி விற்பனை வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் உடன்பாடு. இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. சிங்கப்பூரிலிருந்து தொடங்கலாமா? எங்கள் வழக்கப்படி விளக்கை வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அனுப்புவது சரியா? திரும்பி வரும் பொருளின் வரியைப் பற்றியும் யாரேனும் சொன்னால் நன்று.

பாரிமுனை எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து தொடங்குவதே என் விருப்பமும். மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள் தவிர மற்றவற்றுக்கு அங்கே சுங்கவரி கிடையாது. 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட பொருட்களுக்கும் 2023 தொடக்கம் முதல் ஜி.எஸ்.டி. உண்டு என்றாலும், அதைப் பெற்றுச் செலுத்தும் கடமை, உலகளாவிய விற்றுமுதல் ஆண்டுக்கு 10 லட்சம் சிங்கப்பூர் டாலரையும் சிங்கப்பூர் நுகர்வோருக்கான விற்பனை ஒரு லட்சம் டாலரையும் தாண்டிய வணிகருக்கே வருகிறது. உங்கள் அளவில் சிறு விளக்குகளை அப்படியே அனுப்பலாம். 400 டாலருக்கு மேற்பட்ட பெரிய விளக்குக்கு இறக்குமதியின்போது 9 சதவீதம் வரும் என்பதை வாங்குபவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

வைக்கோல் வேண்டாம். பயிர் நோய் பரவும் என்பதால் நெல் வைக்கோலைப் பொதிப்பொருளாகப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் கட்டுப்பாடு இருக்கிறது. மரப்பெட்டியானால் வெப்பச் சிகிச்சை செய்யப்பட்ட முத்திரையுள்ள மரமாக இருக்க வேண்டும். நாச்சியார்கோயில் விளக்கில் உங்களுக்கு வாய்த்த வசதி, பிரபை, அகல், தண்டு, அடிப்பாகம் எல்லாம் மரையிட்டுக் கழற்றி மாட்டக்கூடியவை என்பது. தனித்தனியே மென்தாள் சுற்றி, ஒன்றோடொன்று உரசாதபடி நுரை அட்டை வைத்து, ஏழு அடுக்கு (பிளை) கொண்ட அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கன எடை, உண்மை எடை ஆகியவற்றில் எது கூடுதலோ அதற்கே கூரியர் கட்டணம் போடுவார்கள். முழுதாக நிற்க வைத்துப் பொதிந்தால் வெற்றிடத்துக்கும் பணம் கொடுக்கிறீர்கள், கழற்றி அடுக்கினால் உண்மை எடைக்கு மட்டும் கொடுப்பீர்கள். மாட்டும் முறையைப் படத்தோடு ஒரு தாளில் அச்சிட்டு உள்ளே வையுங்கள்.

ஏற்றுமதியான பொருள் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்தால், அது அதே பொருள்தான் என்று நிறுவி, ஏற்றுமதியின்போது பெற்ற சலுகை ஏதேனும் இருந்தால் திருப்பிச் செலுத்தி, வரியின்றி மீட்டுக்கொள்ள வழி உண்டு. அதற்காகத்தான் ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஒரு வரிசை எண்ணைப் பொறித்து, அதையே விலைப்பட்டியலிலும் சுங்கப் பத்திரத்திலும் எழுதச் சொல்கிறேன். பொதியும் முன் எண் தெரியும்படி ஒரு புகைப்படமும் எடுத்து அந்த ஆர்டரின் கோப்பில் வைத்துவிடுங்கள்.